'ஒன்றுமில்லை' என்று சொன்ன மகள்

எண்பது வயதைத் தாண்டிய ஓர் அப்பா. மூன்று பெண்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று நினைக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் கொடுப்பதற்கு முன் சபை நடுவே ஒரு கேள்வி கேட்கிறார். உங்களில் யாருக்கு என் மேல் பாசம் அதிகம்?

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகம் கிளப்பும் புயல் அத்தனையும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருகிறது. 1606 டிசம்பர் 26 இரவு, லண்டன் வொயிட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் நடிக்கப்பட்ட நாடகம் இது.

மூத்தவள் கானரில், கண்பார்வையை விடவும் சுதந்திரத்தை விடவும் அப்பா தனக்குப் பெரிது என்கிறாள். அடுத்தவள் ரீகன், அக்கா சொன்னது போதாது என்று ஒரு படி மேலே போகிறாள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருத்தி பேசி முடித்ததுமே அவள் பங்கு அறிவிக்கப்பட்டுவிடுகிறது. வளமான பகுதி கடைக்குட்டி கார்டீலியாவுக்காகக் காத்திருக்கிறது. அதாவது போட்டி நடக்கும் முன்பே முடிவு தயார். அப்பாவுக்கு வேண்டியதெல்லாம் நாலு பேர் காதில் விழும்படி செல்ல மகள் வாயிலிருந்து கொஞ்சம் புகழ்ச்சி.

அவளோ சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். அவர் மறுபடி கேட்கிறார். பந்தம் எவ்வளவோ அவ்வளவு பாசம், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்பது பதில். ஆங்கிலத்தில் அவள் பயன்படுத்தும் சொல்லுக்கு உறவு, கடமை என்ற இரண்டு அர்த்தமும் உண்டு. நம் 'பந்தம்' அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. கூடவே ஒரு நியாயமும் கேட்கிறாள். பாசம் முழுவதும் அப்பாவுக்கே என்றால் அக்காக்கள் எதற்குக் கல்யாணம் செய்துகொண்டார்கள்? தனக்குக் கல்யாணமானால் பாதி அன்பு புருஷனோடு போய்விடும் என்கிறாள். அவளைப் பெண் கேட்டு இரண்டு பேர் அரண்மனையில் காத்திருக்கும் நேரத்தில் சொன்னது!

பிடிவாதக்காரி, ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று கார்டீலியாவைக் குறை சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மைதான். ஆனால் தன் அன்பு நாக்கை விட கனமானது என்று அவள் தனக்குள்ளே பேசிக்கொள்வதைப் பார்வையாளர்கள் கேட்கிறார்கள். கேட்காதவர் அப்பா மட்டும்தான். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றும் வராது என்று கணக்குப் பேசி அவளைத் துரத்திவிடுகிறார்.

பிறகு ஒருநாள் அரண்மனைக் கோமாளியிடமும் கிட்டத்தட்ட அதே வாக்கியத்தைச் சொல்கிறார். அதற்குள் ராஜ்யம் கை மாறிவிட்டது. பக்கத்தில் எண் இல்லாத பூஜ்யம் நீ என்று கோமாளி அவரைக் கேலி செய்கிறான். நாடகத்திலேயே தைரியமான வசனங்கள் இவனுக்குத்தான்.

பூஜ்யத்துக்கு வந்து சேரும் கணக்கு அடுத்த அங்கத்தில் முடிகிறது. லியர் தனக்கென்று வைத்துக்கொண்டது நூறு வீரர்கள். கானரில் அதை ஐம்பதாக்குகிறாள். ரீகன் இருபத்தைந்து போதும் என்கிறாள். உடனே அவர் கானரில் பக்கம் திரும்பி, ஐம்பது இருபத்தைந்தின் இரண்டு மடங்கு, ஆகவே உன் அன்பும் இரண்டு மடங்கு என்கிறார்! இவ்வளவு பட்ட பிறகும் பாசத்தை எண்ணிக்கையில்தான் அளக்கிறார். எண்ணிக்கை பத்து, ஐந்து என்று இறங்கி, ஒருவன்கூட எதற்கு என்பதில் நிற்கிறது. தேவை என்ன என்று என்னிடம் வாதாடாதே, பிச்சைக்காரனிடம்கூட தேவைக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கும் என்று அப்போது குமுறுகிறார். அவருக்கு வீரர்கள் தேவையில்லை என்பது சரி. மரியாதை என்பதே தேவைக்கு மேல் கொடுப்பதுதானே என்பது அவர் கட்சி.

க்ளாஸ்டர் பிரபுவின் கிளைக்கதையும் இதே பாதைதான். கண்கள் பிடுங்கப்பட்ட பிறகு, கண் இருந்தபோதுதான் தடுமாறினேன் என்கிறார் அவர்.

நாடகத்தின் மிகச் சிறந்த பதில் நான்காம் அங்கத்தில் வருகிறது. பித்துப் பிடித்து அலைந்த லியர் கண் விழிக்கிறார். எதிரே கார்டீலியா. விஷம் கொடுத்தாலும் குடிக்கிறேன், என்னை வெறுக்க உன் அக்காக்களுக்குக் காரணமில்லை, உனக்கு இருக்கிறது என்கிறார். அப்படி ஒரு காரணமும் இல்லை என்று அவள் இரண்டு முறை சொல்கிறாள். சபையில் இனிப்பாக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மறுத்தவள் இங்கே சொல்வது, நடந்ததை வைத்துப் பார்த்தால், உண்மையில்லை. அன்று அவள் சொன்ன 'இல்லை' வீட்டை உடைத்தது. இன்றைய 'இல்லை'யில் அப்பா திரும்பக் கிடைக்கிறார்.

கிடைத்தும் நிலைக்கவில்லை. கார்டீலியா சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். இந்த முடிவைத் தாங்காமல் 1681இல் நேஹம் டேட் என்பவர் அவளைப் பிழைக்க வைத்து, கல்யாணமும் நடத்தி எழுதினார். 1838இல் நடிகர் மெக்ரெடி மூல வடிவத்தை மீட்கும்வரை மேடைகளில் பெரும்பாலும் ஓடியது அந்தச் சுபமான கதைதான்.

மூலத்தில் மகளின் உடலைச் சுமந்து வரும் லியர், இனி நீ வரவே மாட்டாய் என்ற பொருளில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். 1608 அச்சில் மூன்று முறை, 1623 அச்சில் ஐந்து முறை. பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு பொத்தானைக் கழற்றிவிடச் சொல்லிக் கேட்டு, கழற்றியவரை 'ஐயா' என்றழைத்து நன்றி சொல்கிறார். முதல் காட்சியில் நாட்டையே அதட்டியவர். அந்தப் பொத்தான் அவருடையதா, மகளுடையதா என்று ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. நடிப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.