சோழவரம்

சோழவரம், தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் உள்ள ஓர் ஊராகும். இது சோழவரம் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். சென்னையின் குடிநீர் ஏரிகளுள் ஒன்று இங்கு அமைந்துள்ளது.

அமைவிடம்

சென்னைக்கு வடமேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் இவ்வூர் உள்ளது. ஜி.என்.டி. சாலை எனப்படும் இச்சாலை முன்னர் தே.நெ. 5 என்றும், 2010 இல் எண்கள் மாற்றப்பட்ட பின்னர் தே.நெ. 16 என்றும் குறிக்கப்படுகிறது. தெற்கே செங்குன்றமும் வடக்கே காரனோடையும் உள்ளன.

ஏரி

முன்னர் பாசனத்திற்குப் பயன்பட்ட சோழவரம் ஏரி, பின்னர் சென்னையின் குடிநீர்த் தேவைக்காகப் பயன்படுத்தப்பட்டது. கொசஸ்தலை ஆற்றின் நீர், தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டுக் கால்வாய் வழியாக இவ்வேரியை அடைகிறது. இங்கிருந்து மற்றொரு கால்வாய் வழியாகப் புழல் ஏரிக்குச் செல்கிறது. புழல் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்திற்கு நீர் கொண்டுசெல்லும் திட்டம் 1872 இல் செயற்படத் தொடங்கியது.

ஏரியின் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 3,060 கோடி லிட்டர் ஆகும். சென்னையின் ஒரு நாள் தேவையை 100 கோடி லிட்டர் எனக் கொண்டால், ஏரி நிறைந்திருக்கும்போது உள்ள நீர் சுமார் ஒரு மாதத்திற்கே போதுமானது. எனவே ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்புவது இன்றியமையாதது.

2019 வறட்சி

2018 இல் பருவமழை பொய்த்ததால், 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்த நீர் இருப்பு, கொள்ளளவில் ஒரு விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் உள்ளிட்ட பகுதிகளில் மக்கள் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் நீர் கொண்டுவரப்பட்டது. ஒரு வண்டியில் 25 லட்சம் லிட்டர் நீர் வந்தது. நிறைந்த சோழவரம் ஏரியின் நீரை இவ்வாறு கொண்டுவர 12,000 நடைகளுக்கு மேல் தேவைப்படும். 2004 இல் நிறைவேறிய வீராணம் திட்டமும், மீஞ்சூர் (2010), நெம்மேலி (2013) கடல்நீர் குடிநீராக்கும் நிலையங்களும் இவ்வறட்சியின்போது நகருக்குக் கைகொடுத்தன.

தானுந்துப் பந்தயம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து வானூர்தி ஓடுபாதை ஒன்று இங்கு உள்ளது. போருக்குப் பின்னர், 1953 இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் இதில் தானுந்து, விசையுந்துப் பந்தயங்களை நடத்தியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தனர். 1990 இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் திறக்கப்பட்ட பின்னர், இப்பந்தயங்கள் அங்கு மாற்றப்பட்டன.