வீட்டு வாடகைப் பத்திரம்: இரு தரத்தாரும் அறியவேண்டிய சட்ட விஷயங்கள்

காஞ்சீபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள பிரதேசம் முற்காலத்தில் ஏரிப் பாசனத்தையும் நெல் விளைவையும் நம்பியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை 1998-ம் வருஷத்திலும், ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-ம் வருஷத்திலும் உற்பத்தியைத் தொடங்கின. வேறு பல ஆலைகளும் ஏற்பட்டன. வெளி ஜில்லாக்களிலிருந்தும் வெளி ராஜ்யங்களிலிருந்தும் வேலைக்கு வருவோர் தங்க இடம் தேடுகின்றனர். உள்ளூர்க் குடும்பங்கள் பல, வீட்டை ஒட்டி அறைகள் கட்டி வாடகைக்கு விடுகின்றன. இரு தரத்தாரும் பெரும்பாலும் வாய்ச்சொல்லையே நம்புகின்றனர். விவகாரம் நேரும்போது வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கிடைப்பதில்லை.

இவ்விஷயத்தில் நெடுநாள் நடைமுறையிலிருந்தது 1960-ம் வருஷத்திய கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது ரத்தாகி, 2017-ம் வருஷத்திய 42-வது சட்டம் 2019-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தின்படி நியாய வாடகையைக் கட்டுப்பாட்டு அதிகாரி நிர்ணயிக்கக் கூடியதாயிருந்தது. புதிய சட்டமோ வாடகைத் தொகையை இரு தரத்தாரின் உடன்படிக்கைக்கே விட்டிருக்கிறது. ஆதலின் பத்திரத்தில் எழுதுவதே இப்போது பிரதானமாகும்.

பத்திரமும் பதிவும்

வாடகை உடன்படிக்கை எழுத்து மூலமாக இருத்தல் அவசியம். அதன் விவரங்களை வாடகை அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவு எண் பெறவேண்டும். இருவரும் சேர்ந்து தெரிவிக்காவிடில் ஒருவர் தனித்தும் தெரிவிக்கலாம். வாடகை அதிகாரி, டிப்டி கலெக்டர் பதவிக்குக் குறையாதவர். ஜில்லா கலெக்டரால் நியமிக்கப்படுபவர். பதிவு பெறாத பத்திரம் வழக்கில் சான்றாகப் பயன்படாது போகக்கூடும். நகராட்சி எல்லைக்குப் புறம்பான ஊராட்சிகளில் வீடு எடுப்போர், தம் ஊருக்கு இச்சட்டம் எவ்வாறு பொருந்துகிறதென்பதை அவ்வதிகாரியின் அலுவலகத்தில் முன்னதாக விசாரித்துக்கொள்வது நலம்.

முன்பணம்

மாத வாடகையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்ட விரோதம். உதாரணமாக, வாடகை 6,000 ரூபாயானால் முன்பணம் 18,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஆயினும் இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு: இதற்கு மாறாக இருவரும் உடன்பட்டிருந்தால் அவ்வுடன்படிக்கையே செல்லும். பத்து மாத முன்பணம் தருவதாகக் கையெழுத்திட்டவர், பின்னர் மூன்று மாத வரம்பைக் காட்டிப் பேச இடமில்லை. எனவே முன்பணத்தைப் பற்றிய ஷரத்தையே முதலில் கவனிக்கவேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைக்காரர் தரவேண்டியது ஏதேனுமிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தருவது வீட்டுக்காரரின் கடமை.

ரசீதும் மராமத்தும்

வாடகையைக் குறித்த தேதியில் செலுத்துவது வாடகைக்காரரின் பொறுப்பு. கையெழுத்திட்ட ரசீது தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. பத்திரத்தில் வேறுவிதமாகக் காணாவிடில், கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பி ஆகியவை வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. தண்ணீர்த் திருகு, சுவிட்சு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடைச் சுத்தம் போன்றவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. வீட்டைப் பார்வையிட விரும்பும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும்.

வெளியேற்றுதல்

தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடியிருப்பவரை வெளியேறச் செய்வது தடுக்கப்பட்டிருக்கிறது. அவ்விதம் நேர்ந்தால் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். வீட்டைப் பூட்டிச் சாமான்களை வெளியே வைக்கவும் வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை. வாடகைக் கோர்ட்டின் உத்தரவு பெற்றே வெளியேற்றவேண்டும். அதேசமயம் வீட்டுக்காரரும் நிராதரவாக விடப்படவில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் அவர் கோர்ட்டை நாடலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைத் தீர்ப்பவருக்கு முதல் தடவை பாதுகாப்பு உண்டு. தவணை தவறுவதை வழக்கமாக்கிக் கொள்பவருக்கு அது கிட்டாது.

விடுதிகள்

ஒரு கம்பெனி தனக்குச் சொந்தமான கட்டடத்தை, வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் தொழிலாளருக்கு அளித்தால் அதற்கு இச்சட்டம் பொருந்தாது. வல்லம்-வடகாலில் 18,720 பேர் தங்குவதற்காக 2024-ம் வருஷம் ஆகஸ்டில் திறக்கப்பட்டது போன்ற பெருந்தங்குமிடங்களில் படுக்கை பெறுவோரின் நிலையும், தனி வீடு வாடகைக்கு எடுப்போரின் நிலையும் ஒன்றல்ல. தனியார் மகளிர் விடுதிகளை ஒழுங்குசெய்ய 2014-ம் வருஷத்தில் தனிச்சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அதன்படி அவ்விடுதிகள் கலெக்டரிடம் லைசென்ஸ் பெறவேண்டும். விடுதியிற் சேருமுன் லைசென்ஸைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

தமிழ் படிக்கத் தெரியாதவர் கையெழுத்திடுமுன், தமக்குத் தெரிந்த பாஷையில் ஒவ்வொரு ஷரத்தையும் நம்பிக்கையுள்ள ஒருவரைக்கொண்டு சொல்லக் கேட்டறியவேண்டும். கையெழுத்தான பத்திரத்தின் அசல் ஒன்று இருவர் கையிலும் இருக்கவேண்டும். மாதந்தோறும் பெறும் ரசீதுகளை அதனுடன் சேர்த்து வைத்தால், முன்பணம் திரும்பப் பெறும் நாளில் வாடகைக்காரருக்கும், பாக்கி கேட்கும் நாளில் வீட்டுக்காரருக்கும் அதுவே துணையாகும்.