களியக்காவிளைக்குப் போகாத முந்திரிக்கொத்து: ஓர் இணைய வணிகக் கண்காட்சியில் கண்டதும் கேட்டதும்

வியாபாரக் கண்காட்சி என்றால் என் தலைமுறைக்காரர்களுக்கு நினைவு வருவது திருவனந்தபுரம் புத்தரிக்கண்டம் மைதானம்தான். தகரக் கொட்டகை, ஒலிபெருக்கி, கையில் திணிக்கிற நோட்டீஸ், திரும்பும்போது குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பெரிய அப்பளம். பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், விலை பேசலாம். தொட்டுப் பார்க்கப் பொருளே அதிகம் இல்லாத ஒரு கண்காட்சியைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு 2023 நவம்பரில்தான் கிடைத்தது. அங்கே கண்டவற்றில் பாதி மறந்துபோயிற்று. கேட்ட ஒரு பதில் மட்டும் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கேரள ஸ்டார்ட்அப் மிஷன் 2018இல் தொடங்கிய ‘ஹடில் குளோபல்’ என்ற மாநாடும் கண்காட்சியும் அந்த வருஷம் நவம்பர் 16 முதல் 18 வரை அடிமலத்துறைக் கடற்கரையில் நடந்தது. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர் அது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்ததுதான். பாறசாலையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பக்கம் வள்ளங்களும் வலைகளும், மறுபக்கம் பந்தலும் திரையும். கழுத்தில் அட்டை தொங்க இளைஞர்கள் ஓட்டமும் நடையுமாக இருந்தார்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரு மேசை, ஒரு திரை, செல்போனைக் காட்டினால் விவரம் தரும் சதுரக் கட்டம். முதலீடு தருகிறவர்கள் முன்னால் ஐந்தாறு நிமிஷத்தில் தங்கள் வியாபாரத்தை விளக்கிவிடுகிறார்கள். கல்யாணத் தரகர்கூட அவ்வளவு வேகமாகப் பேச மாட்டார். முப்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். எனக்கு அதில் பாதி புரிந்தது.

நான் வேடிக்கை பார்க்க மட்டும் போகவில்லை. என் மைனிக்காகப் போனேன். அண்ணன் காலமான பிறகு மைனி வீட்டில் பலகாரம் செய்து விற்கிறார். முறுக்கு, அச்சப்பம் எல்லாம் உண்டு என்றாலும் பேர் போனது முந்திரிக்கொத்துதான். வெளியூர் அன்பர்கள் பெயரைக் கேட்டு முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். அதில் அது கிடையாது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. வறுத்த சிறுபயறு மாவும் தேங்காயும் ஏலமும் சுக்கும் வெல்லப்பாகில் உருட்டி, மாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் பொரித்தெடுத்தால் திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். நாகர்கோவில் பக்கமும் இதுதான் பலகாரம், நெய்யாற்றின்கரைப் பக்கமும் இதுதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. முந்திரிக்கொத்து இரண்டு பக்கமும் நின்றது.

வீட்டுப் பலகாரங்களை இணையத்தில் விற்றுத் தரும் ஒரு சிறிய நிறுவனத்தின் ஸ்டாலில் உட்கார்ந்தேன். பையன் நல்ல பையன், பொறுமையாக விளக்கினான். உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும் என்றான். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய்க் கட்டணம், அது மைனியிடம் ஏற்கெனவே இருந்தது. ஜிஎஸ்டி இல்லையே என்றேன். "கவலைப்படாதீங்க சாரே, போன மாசம் முதல் அது வேண்டாம், பான் கார்டு போதும்" என்றான். எனக்குச் சந்தோஷம். எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் ஆட்கள் என்று சொன்னேன். பையன் திரையில் பின்கோடு போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அது தமிழ்நாடு. அங்கே அனுப்ப முடியாது. காசர்கோடு வரைக்கும் எங்கே வேணும்னாலும் அனுப்பலாம்."

எங்கள் வீட்டிலிருந்து களியக்காவிளை நாலைந்து கிலோமீட்டர். காசர்கோடு ஏறத்தாழ 600 கிலோமீட்டர்.

பையன் சொன்னது சரிதான் என்பதை வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, இணையச் சந்தை வழியாகப் பொருள் விற்கிறவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று விதித்திருந்தார்கள். தெருமுனையில் கடை வைத்திருப்பவருக்கு 40 லட்சம் வரை விலக்கு. அதே ஆள் இணையத்தில் ஒரு பொட்டலம் விற்றால் விலக்கு இல்லை. இது அநியாயம் என்று பலரும் சொன்ன பிறகு, 2022 ஜூனில் சண்டிகரில் கூடிய 47ஆம் ஜிஎஸ்டி கவுன்சில் தளர்த்தலாம் என்றது. 2023 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. பான் எண்ணைக் காட்டி ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் பதிவில்லாமலே இணையத்தில் விற்கலாம். ஆனால் ஒரே மாநிலத்துக்குள்தான். மாநிலம் தாண்டினால் பழையபடி முழுப் பதிவு. குறைந்த வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தாலும் மாநிலம் தாண்டி அனுப்பக்கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. ஜிஎஸ்டி என்பது பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகிற வரி. பாறசாலையில் கிளம்பிய பொட்டலம் களியக்காவிளையில் இறங்கினால் அதன் மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கு. பதிவே இல்லாதவர் அனுப்பினால் அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாது. கணக்கெழுதினவன் என்ற முறையில் இது எனக்குப் புரிகிறது. எல்லையோரத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் புரியவில்லை. பெரிய நிறுவனத்துக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் கிட்டங்கியும் ஆடிட்டரும் உண்டு. அதற்கு எல்லை ஒரு தாள் வேலை. கொச்சியில் இருக்கும் சிறு வியாபாரிக்கும் சுற்றிலும் கேரளம்தான். பாறசாலைக்காரனுக்கு மட்டும் பாதிச் சந்தை மறுபக்கம்.

அமரவிளையில் வணிகவரிச் செக்போஸ்ட் இருந்த நாட்கள் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கும், டிரைவர்கள் டீக்கடையில் காத்துக் கிடப்பார்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சோதனைக்கு வேலை இல்லாமல் போயிற்று. எல்லை போச்சு என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பின்கோடுக்குள் போய் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. தபால்காரர்களுக்கு இந்தப் பேதமே இல்லை என்பது வேடிக்கை. 1972இல் பின்கோடு வந்தபோது தமிழ்நாட்டையும் கேரளத்தையும் 6 என்ற ஒரே மண்டலத்தில் போட்டார்கள். எங்களுக்கு 695, குமரி மாவட்டத்துக்கு 629.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அண்ணன் மகள் வீட்டிலிருந்தபடியே மும்பைப் பிள்ளைகள் சிலருக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். அது சேவை. சேவைக்கு 2017 கடைசியிலேயே விலக்குத் தந்துவிட்டார்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் என்றால் மாநிலம் தாண்டியும் பதிவில்லாமல் செய்யலாம். ஆக, முந்திரிக்கொத்து செய்வது எப்படி என்று மும்பைக்காரருக்குக் காசு வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கலாம். செய்த முந்திரிக்கொத்தை அனுப்பக்கூடாது. மைனியிடம் சொன்னபோது அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பி, இது எந்த ஊரு கணக்கு? அப்போ நான் வாயால பலகாரம் சுடணுமாக்கும்" என்றார்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. ஊர்ப் பலகாரம், ஊர்க் கைத்தறி, ஊர்த் தேன் என்று நீங்கள் தேடுகிறபோது திரையில் முதலில் வருவது பெரிய நிறுவனத்தின் பெட்டி. ஊரில் வீட்டுத் திண்ணையில் செய்கிறவர் அந்தத் திரையில் அநேகமாக வர மாட்டார். அவருக்குச் சாமர்த்தியம் இல்லாததால் அல்ல. நீங்கள் வேறு மாநிலத்தில் இருப்பதால். உறவில் யாராவது இப்படித் தொழில் செய்தால் ஒரு நல்ல ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுப் பதிவு எடுத்தால் கதவு திறக்கும். 5 கோடிக்குள் விற்பனை உள்ளவர் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதியும் உண்டு. ஆனால் விற்பனை இல்லாத காலத்துக்கும் ‘இல்லை’ என்று கணக்குக் கொடுத்தாக வேண்டும், மறந்தால் தாமதக் கட்டணம். 2025 செப்டம்பரில் கூடிய 56ஆம் கவுன்சில், இணையத்தில் பல மாநிலங்களுக்கு விற்கும் சிறு வணிகர்களுக்காக எளிய பதிவு முறை ஒன்றைக் கொள்கையளவில் ஏற்றிருக்கிறது. நானும் செய்தித்தாளைப் பார்த்தபடி இருக்கிறேன்.

மைனி முழுப் பதிவு எடுக்கவில்லை. சேர்க்கை எண் மட்டும் வாங்கி, 2024 ஓணத்துக்கு முன்னால் கேரளத்துக்குள் விற்க ஆரம்பித்தார். முதல் பொட்டலம் காஞ்ஞங்காட்டுக்குப் போயிற்று. நாலாம் நாள் அங்கிருந்து போன். பலகாரம் பிரமாதம், ஆனால் அண்டிப்பருப்பைக் காணோமே என்று ஓர் அம்மா கேட்டார். மைனி சிரித்துக்கொண்டே பத்து நிமிஷம் விளக்கினார்.

களியக்காவிளை வாடிக்கையாளர்களை விடவும் இல்லை. வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனால் அது கேரளத்துக்குள் நடந்த விற்பனை. பொட்டலம் எந்த பஸ்ஸில் ஏறுகிறது என்று சட்டம் பார்ப்பதில்லை. ஆகவே போனில் சொல்லிவிட்டு நேரில் வருகிறார்கள். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர் சனிக்கிழமைதோறும் இஞ்சிவிளை தாண்டி பஸ்ஸில் வருவார். செல்போனைக் காட்டிப் பணம் கட்டுவார், அதற்கு எல்லை கிடையாது. பஸ் கூலிக்கு ஈடாக மைனி ஒரு கொத்து கூடப் போட்டுக் கொடுப்பார்.