உங்களுக்குத் தெரியுமா? ஒரே நானோ மருந்து, ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு வேறு கணக்கு!

டாக்ஸோரூபிசின் பழைய புற்றுநோய் மருந்து. அதைச் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து, 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசிமருந்துதான் டாக்ஸில். உடல் பரப்பளவைப் பார்த்துத்தான் டோஸ் போடுகிறார்கள். அப்படியும், ஆண்களைவிடப் பெண்களின் ரத்தத்தில் அது அதிக நேரம் தங்குகிறது. பிற்பாடு நோயாளிகளின் ரத்தத்தில் அளந்து பார்த்தபோது தெரியவந்த விஷயம் இது. இத்தனைக்கும் பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோய்க்கு 1999 முதலே இம்மருந்தைக் கொடுத்து வருகிறார்கள்!

இந்தக் குமிழ்களைப் பிடித்து விழுங்குபவை ரத்தத்திலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள். அவற்றின் வேகம் இருபாலருக்கும் ஒன்றல்ல என்று கருதப்படுகிறது.

எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசியும் கொழுப்பு நானோ துகளில்தான் பயணிக்கிறது. அதன் அரிய பக்கவிளைவுகளில் இதயத்தசை அழற்சி இளவயது ஆண்களிடம், குறிப்பாக இரண்டாம் தவணைக்குப் பின், அதிகம் காணப்பட்டது; கடும் ஒவ்வாமையோ பெரும்பாலும் பெண்களுக்கு வந்தது.

உடல்வரை போவானேன்? ஆய்வகத் தட்டில் வளர்த்த ஆண், பெண் ஸ்டெம் செல்கள்கூட நானோ துகள்களை வெவ்வேறு அளவில் உள்ளிழுப்பதை 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால், பல ஆய்வுக் கட்டுரைகளில் செல் யாருடையது, ஆணா பெண்ணா என்ற குறிப்பே இருப்பதில்லை.