விரைவும் ஆயத்தமும்: அமெரிக்க நடுநிலைப் பாடசாலைகளிற் கணிதக் கல்வி

கணிதம் படிப்படியாக வளரும் ஒரு துறை. ஒரு படியில் உறுதியாகக் கால் ஊன்றாதவன் அடுத்த படியில் ஏறுதல் அரிது. எனினும், ஏறும் ஆற்றல் உடையவனைக் கீழ்ப்படியிலேயே நிறுத்தி வைப்பதும் அநீதியேயாகும். இவ்விரண்டு உண்மைகளையும் இணக்குவது எங்ஙனம் என்னும் வினா ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது.

அந்நாட்டிற் பெரும்பாலும் 6 முதல் 8 வரையான வகுப்புகள் நடுநிலைப் பாடசாலையையும், 9 முதல் 12 வரையானவை உயர்நிலைப் பாடசாலையையும் சாரும். முதலாம் அட்சரகணிதம், கேத்திரகணிதம், இரண்டாம் அட்சரகணிதம், நுண்கணித ஆயத்தப் பாடம், நுண்கணிதம் என்னும் ஐந்தும் ஆண்டுக்கு ஒன்றாகக் கற்பிக்கப்படுவது வழக்கம். பாடங்கள் ஐந்து, உயர்நிலை ஆண்டுகளோ நான்கு. ஆதலின், 12ஆம் வகுப்பில் நுண்கணிதம் பயில விரும்பும் மாணவர் முதலாம் அட்சரகணிதத்தை 8ஆம் வகுப்பிலேயே முடித்தல் நலம். அதன்பொருட்டு நடுநிலை வகுப்புகளின் பாடங்களைச் சுருக்கி முன்கூட்டியே கற்பிப்பதே விரைவுக் கல்வி எனப்படுவது.

தேர்ந்தெடுத்து மாணவரைச் சேர்க்கும் உயர்நிலைப் பாடசாலைகள் யாவும் இவ்விரைவை ஒரே வகையாக வேண்டுவதில்லை. வேர்ஜீனியா மாநிலத்துத் தோமஸ் ஜெபர்சன் விஞ்ஞான தொழினுட்பப் பாடசாலைக்கு விண்ணப்பிப்போர், 8ஆம் வகுப்பில் முதலாம் அட்சரகணிதத்தையோ அதனினும் மேற்பட்ட பாடத்தையோ பயில்பவராயிருத்தல் வேண்டும். நியூயோர்க் நகரின் ஸ்ரைவெசன்ற், பிறொங்ஸ் விஞ்ஞானம், புறூக்ளின் தொழினுட்பம் ஆகிய பாடசாலைகளிலோ, 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, போட்டிப் பரீட்சையே அனுமதிக்கு அடிப்படை. 8ஆம் வகுப்பினர்க்குரிய அப்பரீட்சையின் கணித வினாக்கள் 7ஆம் வகுப்பு வரையான பாடங்களைத் தழுவியவை. முன்னையது மாணவர் எவ்வளவு தூரம் சென்றுள்ளார் எனக் கேட்கின்றது. பின்னையது எவ்வளவு ஆழமாக அறிந்துள்ளார் எனக் கேட்கின்றது. இவ்வேறுபாட்டை உணராது, பாடநூலை விரைந்து முடிப்பதே ஆயத்தம் எனக் கருதுதல் பொருந்தாது.

அங்ஙனமாயின் ஆயத்தம் என்பது யாது? 8 + 4 = □ + 5 என்பதிற் பெட்டியை நிரப்பச் சொன்னால், பிள்ளைகள் பலர் 12 என எழுதுவர்; சரியான விடை 7. சமக்குறியை 'விடையை எழுதுக' என்னும் கட்டளையாகக் கொள்வோர்க்குச் சமன்பாடு விளங்காது. பின்னமும் அத்தகையதே. ஓர் எண்ணின் மூன்றிலொரு பங்கையும் நான்கிலொரு பங்கையும் கூட்டினால் 14, எண் யாது? பொதுப் பகுதி காண அறிந்தவர் பன்னிரண்டில் ஏழு எனக் கூட்டி 24 என விடை பகர்வர். மேலெண்களை மேலெண்களோடும் கீழெண்களைக் கீழெண்களோடும் கூட்டுபவர், ஏழில் இரண்டு எனக் கொண்டு 49 என்பர். அவர் தவறியது அட்சரகணிதத்தில் அன்று. அதற்கு முந்திய படியிலாகும். அமெரிக்கத் தேசிய கணித ஆலோசனைக் குழு 2008இல் வெளியிட்ட அறிக்கையும் பின்ன அறிவை அட்சரகணிதத்தின் இன்றியமையாத அடித்தளமாகக் கூறிற்று.

அடித்தளம் நோக்காத விரைவின் பயனை வட கரோலைனாவின் சார்லொற் பகுதி காட்டுகின்றது. அங்கு 2002ஆம் ஆண்டளவில், நடுத்தர ஆற்றலுடைய மாணவர் பலர் 8ஆம் வகுப்பிலேயே அட்சரகணிதத்துக்கு ஏற்றப்பட்டனர். அவர்தம் புள்ளிகள் குறைந்தன என்றும், தொடர்ந்த பாடங்களிலும் நன்மை விளையவில்லை என்றும் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டனர்.

சான்பிரான்சிஸ்கோ நகரம் இதற்கு மறுதலையான வழியை நாடிற்று. மாணவரை மேல், கீழ் எனப் பிரித்தலால் வறியவர் பின்தள்ளப்படுவர் என அஞ்சி, 2014இல் அங்கு 8ஆம் வகுப்பு அட்சரகணிதம் நிறுத்தப்பட்டது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், வசதியுள்ள குடும்பங்கள் வெளியே பணம் செலுத்தி அப்பாடத்தைப் பெற்றன. வசதியற்ற ஆற்றலாளர்க்கு அவ்வழி இல்லை. 2024 மார்ச்சில் அந்நகர வாக்காளர் அப்பாடம் மீளவேண்டும் எனத் தீர்ப்பளித்தனர்.

இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ரெக்சாஸ் மாநிலத்தில் 2023இல் நிறைவேறிய சட்டம், 5ஆம் வகுப்புக் கணிதச் சோதனையில் முதல் 40 சதவீதத்துள் அடங்கும் மாணவரை 6ஆம் வகுப்பின் மேனிலைக் கணிதத்தில் தாமாகவே சேர்க்கப் பணிக்கின்றது. வேண்டாம் எனின் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். இதன் சிறப்பு யாதெனின், பரிந்துரைக்க ஒருவருமில்லாத பிள்ளையும் கவனிக்கப்படாது விடப்படுவதில்லை என்பதே. பெற்றோரின் செல்வாக்கோ ஆசிரியரின் எண்ணமோ அன்றிப் பிள்ளையின் அறிவே அங்கு சாட்சியாகின்றது.

எனவே, விரைவு தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. ஆயத்தமானவர் யாவராயினும் அவர்க்குக் கதவு திறக்கப்படல் வேண்டும். ஆயத்தமாகாதவர்க்கு அவமதிப்பின்றி அவகாசம் அளிக்கப்படல் வேண்டும். ஓராண்டு பிந்திக் கற்ற அட்சரகணிதம் வாழ்நாள் முழுதும் உதவும். விளங்காது முந்திக் கற்றதோ பரீட்சை மண்டபத்தின் வாயிலளவும் துணைவராது.