தூண்டிலும் பரிசலும்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு செல்லும் சாலை கபினி ஆற்றைக் கடக்கிறது. பாலத்தின்மீது நின்று நோக்குவோருக்கு அது காவிரியோடு கலக்கச் செல்லும் ஒரு துணையாறு; அவ்வளவே. ஆயினும் தூண்டில் வேட்டையில் ஈடுபாடுடைய அயல்நாட்டார் பலரும் இவ்வாற்றின் பெயரை நன்கறிவர். 1946-ஆம் ஆண்டில், விலங்குகளைப் பாடம் செய்யும் கலையால் மைசூருக்குப் பெயர் தேடித் தந்த வான் இங்கன் குடும்பத்தினருள் ஒருவர், 120 ராத்தல் எடையுள்ள ஆனைக்கெண்டை ஒன்றைக் கபினியில் தூண்டிலிட்டுப் பிடித்தார். இன்றைய கணக்கில் அது 54 கிலோ; வளர்ந்த ஓர் ஆளின் எடை!

மசீர் என்று வழங்கப்பெறும் இம்மீனில், காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்குமே உரிய இனம் முதுகில் திமிலும் செம்மஞ்சள் நிறத் துடுப்புகளும் உடையது. பாறைகளுக்கிடையேயுள்ள ஆழ்ந்த மடுக்களில் வாழ்வது. அதைப் பிடிக்கும் முறை எளியது. மூங்கிற் பிளாச்சுகளால் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய பரிசல். துடுப்புப் போட ஒருவர், தூண்டில் பிடிக்க ஒருவர். இரையாக வேகவைத்த கேழ்வரகு மாவு உருண்டை. கேழ்வரகு உண்ணும் நாட்டில் மீனும் அதையே விரும்புவது வியப்பன்று.

தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனையே எடுக்கும்; வேண்டாத மீனை உயிரோடு திருப்பி விடவும் அது இடங்கொடுக்கும். வெடியோ அப்படியன்று. நீரில் வெடித்த மாத்திரத்தில் அதன் அதிர்ச்சி மீனின் காற்றுப்பையைக் கிழிக்கிறது. குஞ்சும் தாயும் ஒருங்கே மடிகின்றன. மடிந்தவற்றுள் பல மிதக்காமல் அடியில் தங்கி, ஒருவருக்கும் பயன்படாமற் போகின்றன. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் விலக்கி, இரண்டு மாதம் வரை சிறையோ 200 ரூபாய் வரை அபராதமோ விதித்தது. அன்று அது பெருந்தொகை. சட்டம் வந்தும் வெடி ஓய்ந்தபாடில்லை. மடுவுக்கு மடு காவலர் வைக்க எவராலும் இயலாதன்றோ?

இக்குறையை ஓரளவு தீர்த்தவர்கள் பரிசல்காரர்களே. 1972-இல் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது. பின்னர் பீமேசுவரி, காலிபோர், தொட்டமகளி ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. பிடித்த மீனை எடை பார்த்து ஆற்றிலேயே விடுவது அங்கு விதி. முன்னர்க் களவாக மீன் பிடித்தவர்களுள் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்ந்தனர். கள்வழி அறிந்தவரைவிடத் தேர்ந்த காவலர் யார்?

இப்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அடங்குவது. பாதுகாக்கப்பட்ட காட்டில் விளையாட்டுத் தூண்டிலும் வேட்டையே எனக் கொள்ளப்பட்டமையால், 2012 அளவில் அது நின்றது. மீனைக் காக்க எழுந்த இவ்விதியின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் தூண்டிலோடு மற்றொன்றும் நின்றுபோயிற்று. அது மீன் கணக்கு.

காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பதிவுகளை ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, மசீர் மொத்தத்தில் பெருகியிருந்தது. ஆனால் பெருகியது திமில் மசீர் அன்று. 1970-களிலிருந்து மகாராட்டிரத்தின் லோணாவளாப் பண்ணையில் வளர்த்துக் கொணர்ந்து விட்ட நீலத்துடுப்பு மசீர். ஆற்றின் சொந்த மீனோ அருகி வந்தது. 2018-இல்தான் அதற்குரிய அறிவியற் பெயர் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகவும் அது அறிவிக்கப்பட்டது. மீன்களை எண்ணிய கைகள் அதற்குள் வேறு வேலை தேடிப் போயிருந்தன.

ஆகவே, வெடிக்கும் தூண்டிலுக்கும் ஒரே பூட்டுப் போடுவது முறையாகாது என்பது நம் கருத்து. பரிசலுக்கு எண்ணும், அதில் செல்லும் இருவருக்கும் உரிமச் சீட்டும், கையில் ஒரு பதிவேடும் கொடுக்கலாம். செம்மஞ்சள் துடுப்பு தெரிந்தால் மீனை விட்டுவிட வேண்டும். விட்டதை எழுதியாக வேண்டும். மேக்கேதாட்டுக்குக் கீழே காவிரி கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாக ஓடி ஒகேனக்கலை அடைகிறது. மீன் நடுவாற்றைக் கடந்து இரு கரைக்கும் போய்வருகிறது. பதிவேடும் இரு கரையிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.