சிறுநீரில் ரத்தமா? சூடு என்று விட்டுவிடாதீர்கள்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையம் சானடோரியம். 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை தந்த பெயர் அது. அதே தடத்தில் உள்ள கிண்டியில் 1948 முதல் பிசிஜி தடுப்பூசி ஆய்வகம் இருக்கிறது. காசநோயைத் தடுக்க, பிறந்த குழந்தைக்குப் போடும் அந்த பிசிஜி, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்து என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தமாகத்தான் முதலில் தலைகாட்டும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். வீட்டில் "உடம்புச் சூடு" என்று இளநீரும் மோரும் கொடுப்பார்கள். இரண்டு நாளில் ரத்தம் நின்றுவிடும். கட்டி வளர்வது நிற்காது.

சிறுநீர்ப்பை

சிறுநீர்ப் பாதை வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். அது உட்சவ்வோடு நின்றிருந்து, திரும்ப வரும் ஆபத்து இருந்தால், அடுத்தது பிசிஜி. மருந்தைக் கரைத்துக் குழாய் வழியே பைக்குள் விட்டு, சுமார் 2 மணி நேரம் அடக்கி வைக்கச் சொல்வார்கள். வாரம் ஒருமுறை, 6 வாரம். பிறகு இடைவெளி விட்டு 1 முதல் 3 ஆண்டுகள் வரை தொடரலாம். வீரியம் குறைத்த கிருமியைக் கண்டு திரளும் நோய் எதிர்ப்பு அணுக்கள், எஞ்சிய புற்றணுக்களையும் தாக்குகின்றன. கனடாவில் ஆல்வரோ மொராலஸ் 1976இல் வெளியிட்ட முறை இது. எரிச்சலும் லேசான காய்ச்சலும் வரலாம்.

நோய் தசைக்குள் இறங்கியிருந்தால் கீமோ கொடுத்துப் பையையே அகற்ற வேண்டியிருக்கும்; குடலின் ஒரு பகுதியைக் கொண்டு சிறுநீருக்கு மாற்றுவழி அமைப்பார்கள். சிலருக்குக் கீமோவுடன் 'கரண்ட்' எனப்படும் கதிர்வீச்சு கொடுத்துப் பையைக் காப்பாற்றலாம்.

புராஸ்டேட்

சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ஆண்களின் சுரப்பி இது. முதுமையில் அதிகம் வரும் இதன் புற்றுநோய் பலருக்கு மெதுவாகவே வளரும். பிரிட்டனில், புராஸ்டேட்டுக்குள் அடங்கிய புற்றுநோய் கொண்ட 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, அறுவை, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு என்று பார்த்தார்கள். 15 ஆண்டுகளில் மூன்று பிரிவிலும் 100க்கு ஏறத்தாழ 97 பேர் அந்த நோயால் இறக்கவில்லை. முடிவு 2023இல் வெளியானது. ஆகவே ஆரம்ப நிலையில் அவசரப்பட வேண்டாம். அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும், கதிர்வீச்சுக்குப் பின் குடல் தொல்லையும் வரலாம். கேட்டுத் தெரிந்து முடிவெடுங்கள். பரவியிருந்தால் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியோ, விதைகளை அகற்றும் அறுவையோ நோயை அடக்கும். இதற்கு வழிகாட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

மற்றவை

சிறுநீரகத்தில் கட்டி சிறியதென்றால் அதை மட்டும் வெட்டி எடுத்துச் சிறுநீரகத்தைக் காக்கலாம். விதைப் புற்றுநோய் பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருவது; வலியில்லாத கட்டியாகத் தெரியும். 10 பேரில் 9 பேருக்கு மேல் குணமாகிறார்கள். கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமித்தால் பின்னாளில் குழந்தை பெறலாம். ஆண்குறியில் ஆறாத புண் இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். தொடக்கத்தில் சிறிய அறுவையே போதும்.

எங்கே போவது?

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், 2023இல் திறக்கப்பட்ட கிண்டி கலைஞர் நூற்றாண்டு அரசு மருத்துவமனையும் தென்புறநகர் மக்களுக்கு எட்டும் தூரம்தான். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு.

அப்பாக்கள் இதை மனைவியிடமும் மகனிடமும் சொல்ல வெட்கப்படுகிறார்கள். பாதி நோயை முற்றவிடுவது அந்த வெட்கம்தான். ஒரே ஒருமுறை ரத்தம் வந்து நின்றிருந்தாலும் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.